கோவில் குழாயில் வந்த பொம்பளைக் குரல்

என் கொழுந்தன் லூர்துநாதன் பொய்யே சொல்லாதவன் என்று நான் சாதிக்க மாட்டேன். வீட்டில் வேண்டிய மட்டும் சொல்லுவான். பீடியை விட்டுவிட்டேன் என்பான். சட்டைப் பையை உதறினால் தூள் கொட்டும். ஆனால் கோவில் மைக்கில் அவன் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. அதற்கு நான் சாட்சி.

எங்கள் ஊர்க் கோவில்பிள்ளை அவன். கோவிலைத் திறப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது, மணி அடிப்பது, மைக் குழாயில் அறிவிப்புச் சொல்வது எல்லாம் அவன் சோலி. ஆடு காணாமல் போனாலும், கடல் மீன் வண்டி வந்து நின்றாலும், கரண்டு ஆபீஸ்காரர்கள் லைனை நிறுத்தப் போனாலும் உண்டியலில் காணிக்கை போட்டுவிட்டு அவனிடம்தான் வருவார்கள். அவன் உடனே மைக்கைப் பிடித்துவிட மாட்டான். மீன் வண்டி என்றால் போய்ப் பெட்டியைத் திறந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பான். சாவு என்றால் அந்த வீட்டுக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் துக்க மணி.

ஒரு தடவை மேலத்தெரு மளிகைக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. வீட்டில் பந்தல் போட்டுவிட்டார்கள். இவன் மட்டும் மணி அடிக்க மாட்டேன் என்று நின்றான். "ஆளு வரட்டும், பாக்குறேன், பொறவு அடிக்கிறேன்" என்றான். மருமகள்காரிகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மளிகைக்காரர் உட்கார்ந்த வாக்கில் வந்து இறங்கி, பந்தல் யாருக்கு என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் போனபோதும், சொந்த அண்ணன் என்று பார்க்காமல் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கப் போனான். அன்றைக்கு நான் அவனை ஏசிய ஏச்சுக்கு வேறொருவன் என்றால் ஊரை விட்டே போயிருப்பான். அவன் அடுத்த வேளைச் சோற்றுக்கு என் வீட்டுக்கே வந்தான். தன் பெண்டாட்டி செத்ததிலிருந்து அவனுக்கு என் கைச் சோறுதான்.

மணிக்கூண்டில் விரிசல் விட்ட பிறகு மணியை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே லூர்து மணிச் சத்தத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தான். விடியற்கால மணி ஒன்று, துக்க மணி ஒன்று. போனிலிருந்து ஒரு ஒயரை ஆம்ப்ளிபையரில் குத்தினால் குழாயில் மணி கேட்கும். பென் டிரைவ் குத்த வழியில்லாத பழைய ஆம்ப்ளிபையர் அது.

பழைய போன் உழைத்துத் தேய்ந்து நின்றுபோனதும், திருப்பூரில் இருக்கும் அவன் மகன் எட்வின் புதுப் போன் ஒன்று அனுப்பினான். பழைய போனின் மெமரி கார்டிலிருந்து மணிச் சத்தத்தை அதில் ஏற்றிக்கொண்டான். பெரிய கண்ணாடி. உறையைப் பிரித்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். புதுப் பெட்டி, ஒட்டின தாள் கிழியவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சந்தைக் கூட்டம். சீட்டாட்டம், கடன், செய்தி, ஜோசியம், கல்யாணத் தரகு.

"இதெல்லாம் யாருப்பா உள்ள வச்சது?"

"கம்பெனிக்காரனே வச்சு அனுப்புறான் மதினி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மா என்கிற சொல்லே எனக்கு ஆகாது. இந்த உலகத்தில் எனக்கு எவனும் சும்மா ஒரு வெற்றிலை கொடுத்ததில்லை. வேண்டாம், திருப்பி அனுப்பு என்றேன். மகன் ஆசையாக அனுப்பியதாம். வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்கால மணி அடித்தது. செபம் முடிந்தது. லூர்து ஒயரைப் பிடுங்காமல் பீடத்தைத் துடைக்கப் போயிருக்கிறான். நான் அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். கோவில் குழாயில் ஒரு பொம்பளை பேசினாள். தேனாக வழிந்தாள்.

"வாழ்த்துகள்! உங்களுக்கான கடன் தயாராக இருக்கிறது. ஜாமீன் தேவையில்லை. ஆதார் அட்டை மட்டும் போதும். இன்று ஒரு நாள் மட்டுமே!"

பிறகு ஒரு கொட்டுச் சத்தம். சீட்டு விளையாட வா என்று ஒரு ஆம்பிளை கூப்பிட்டான். லூர்து ஓடி வந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் திராட்சைத் தோட்டம் வரைக்கும் கேட்டுவிட்டது.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் குழாய் சொன்னால் மீன் நல்ல மீன், சாவு நிசச் சாவு. சூரியன் மேலே வருவதற்குள் நான் போய்ப் பார்த்தால் கோவில் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஆதார் அட்டை. அட்டையை ஜெராக்ஸ் வேறு எடுத்து வந்திருந்தார்கள். முதல் ஆள் கீழத்தெரு ஜெபஷீலா.

"கோவில்பிள்ள, ஆபீசரு எங்கன உக்காந்திருக்காக?"

"எந்த ஆபீசரு?"

"கடன் குடுக்குற ஆபீசரு. காலைல மைக்ல சொன்னீகளே."

"நான் சொல்லலம்மா. அது போன்ல வந்த விளம்பரம்."

"போன்ல வந்துச்சுன்னா எங்க வீட்டுப் போன்லயும்தான் வருது, நாங்க நம்புறோமா? கோவில் மைக்ல வந்துச்சு. நீங்க பாக்காம எதையும் சொல்ல மாட்டீகளே."

அவன் என்ன சொல்லியும் ஒருத்தி நகரவில்லை. கடைசியில் ஜெபஷீலா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"அப்ப வந்த ஆபீசர விடியறதுக்கு முன்னயே உங்க மதினி வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிட்டீகளா?"

"அடி கூறுகெட்டவளே" என்றேன் நான். "கடன் வாங்கி நான் என்ன கப்பல் விடப் போறேனா?"

நான் கோபப்பட்டதுதான் தப்பாகப் போயிற்று. கோபம் வருகிறது என்றால் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார்கள். மத்தியானத்துக்குள் டீக்கடையில் கதை வளர்ந்துவிட்டது. கடன் கம்பெனிக்காரன் லூர்துவுக்குக் கமிஷன் கொடுத்துக் கோவில் மைக்கில் சொல்ல வைத்திருக்கிறான். மீன் வண்டிக்காரன் காணிக்கை போடுவதில்லையா, அது மாதிரி. ஆனால் இந்தக் காணிக்கை உண்டியலுக்குப் போகவில்லை. சட்டைப் பைக்குப் போயிருக்கிறது.

பங்குப் பேரவைச் செயலாளர் சகாய பிரவீன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி வந்தான். படித்த பையன், சிமெண்ட் ஏஜென்சி வைத்திருக்கிறான். நேரத்துக்குத் தானே மணி அடிக்கிற பெட்டி ஒன்று வாங்கினால் ஆளே வேண்டாம் என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"மாமா மேல எனக்குச் சந்தேகமே இல்ல சாமி" என்றான் பங்குச் சாமியாரிடம். "ஆனா ஊருக்குச் சந்தேகம் வந்துருச்சே."

சந்தேகமே இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

சாமியார் யோசித்தார். "லூர்து, திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள அந்தப் போனுக்கு ஒரு வழி பண்ணுங்க. இன்னொரு தடவ நம்ம குழாய்ல அந்தப் பொம்பள பேசுனா, மைக் ரூம் சாவிய பிரவீன்கிட்டக் குடுத்துருங்க."

லூர்து அன்று சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். சாவி போனால் அவனுக்குச் சம்பளம் போவது பெரிதில்லை. காசு வாங்கிக்கொண்டு மைக்கில் பொய் சொன்னவன் என்ற பெயர் நின்றுவிடும். அதோடு அவன் இந்த ஊரில் இருக்க மாட்டான். எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்து கிளாரா டீச்சரிடம் போனைக் கொண்டு போனோம். டீச்சர் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. சிலதை அழித்தது. சிலது அழிய மாட்டேன் என்றது.

"இதெல்லாம் கம்பெனியே பதிச்சு வச்சது பெரியம்மா. அழிக்க முடியாது. தூங்கத்தான் வைக்கலாம்."

"பொறவு எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும்."

நெட்டை நிறுத்தி வைக்கச் சொன்னது. நிறுத்தினோம். சாமியார் அனுப்புகிற அறிவிப்புக்காகப் பத்து நிமிஷம் திறந்தால் போதும், அந்தப் பத்து நிமிஷத்தில் போன் உள்ளே வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்கிறது. நெட் இல்லாத நேரத்திலும் கண்ணாடியில் படம் ஓட்டுகிறது, மணியின் நடுவிலேயே அந்தப் பொம்பளை வந்தால் ஒயரைப் பிடுங்கியும் புண்ணியமில்லை. அந்த அறிவிப்புக்காகவே பட்டன் போனும் ஆகாது. வாட்ஸப் இல்லாமல் சாமியாருக்கு ஆகாது. "விளம்பரமே இல்லாத போனும் இருக்கு, பாத்து வாங்கணும்" என்றது கிளாரா டீச்சர்.

பாத்து வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனான் லூர்து. நான் கூட இருந்தால் கடைக்காரனுக்குப் பொய் சொல்ல வராது என்று அவன் நினைப்பு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய கடை. உள்ளே நுழையும் முன்னே கம்பெனி பனியன் போட்ட ஒருத்தன் பாய்ந்து வந்தான். "வாங்கம்மா, இந்த மாடல் பாருங்க, கேமரா சும்மா அள்ளும்" என்றான்.

"கேமரா இருக்கட்டும்யா. இதுல விளம்பரம் வருமா?"

"அதெல்லாம் வராதும்மா."

"சீட்டாட்டம், கடன், ஜோசியம் எல்லாம் உள்ள இருக்கா?"

"அது இருக்கும். ஆனா உங்களுக்கு யூஸ்புல்லா இருக்கும்மா."

"எனக்குச் சீட்டாட்டம் யூஸ்புல்லா இருக்கும்னு ஒனக்கு யாருடா சொன்னது?"

அவன் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டான். லூர்து கடைப் பலகையில் வைத்திருந்த போன் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். விளம்பரம் வருகிறதா என்று பார்க்கிறானாம். ஒரு டீ வந்து போனது. நான் இரண்டு தடவை கண்ணயர்ந்தேன். போனில் ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தில் தெளிச்சி வந்தது.

கல்லாப் பக்கம் இருந்த மகாலட்சுமி என்கிற பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. பனியன்காரன் சாப்பிடப் போனதும் கிட்டே வந்தது.

"அண்ணே, அது காட்டறதுக்கு வச்சிருக்க போனு. அதுல வராது. வீட்டுக்குக் கொண்டு போயி சிம்மு போட்டு, கேக்குறதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு அமுக்குன பொறவுதான் வரும்."

"நீ எதுக்குத்தா எங்களுக்கு இதச் சொல்ற?" என்றேன்.

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அப்பத்தாவும் இப்பிடித்தான் கேக்கும்" என்றது. "அவருக்கு அந்தக் கம்பெனி காசு. எனக்குக் கடைச் சம்பளம். எதை வித்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

அது சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. நல்ல மனசு என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். விளம்பரம் இல்லாதது என்று இரண்டு போனைக் காட்டியது. சிம் போட்டுக் காட்டு என்றோம். சிம்மைப் போட்டால் பழைய போன் ஆகிவிடுமாம், முதலாளி விடமாட்டாராம். லூர்து இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாங்காமல் எழுந்துவிட்டான். மகாலட்சுமியிடம் அதில் ஒன்றின் வெறும் டப்பா மட்டும் கேட்டான். அது தன்னிடம் கிடந்ததைக் கொடுத்தது. டப்பா மேல் போன் படம் இருந்தது.

"எதுக்குப்பா இது?"

"இதே போன வச்சிருக்கவுகளத் தேடணும் மதினி. பொழங்குற கைல பாத்தாத்தான் நெசம் தெரியும்."

கம்பம் பஸ்ஸில் ஏறினோம். நான் உட்கார்ந்துகொண்டேன். அவன் உட்காரவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டுச் சீட்டாகக் குனிந்து ஒவ்வொருவர் கையில் இருக்கும் போனையும் பார்த்துக்கொண்டே போனான். வீரபாண்டி வருவதற்குள் பின்சீட்டில் ஒரு அம்மா பையை மாரோடு அணைத்துக்கொண்டது. கண்டக்டர் வந்தார்.

"யோவ், என்னய்யா வேணும் உனக்கு? எதுக்கு எல்லார் கையவும் பாக்குற?"

"விளம்பரம் வருதான்னு பாக்குறேன்."

"பஸ்ஸுல விளம்பரம் பண்ணக் கூடாதுய்யா, எறங்கு."

நான் எழுந்து நின்றேன். "அவுகளா? அவுக கோவில்பிள்ள. திருடவும் மாட்டாக, எறங்கவும் மாட்டாக. டிக்கெட்டு எடுத்திருக்கு" என்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போய்விட்டார்.

சின்னமனூரில் ஒருவர் ஏறினார். வாழை வியாபாரி, பெயர் கருத்தக்கண்ணன். சட்டையெல்லாம் வாழைக்கறை. கையில் அதே போன். லூர்து பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைக் காட்டினான்.

"ஐயா, இந்தப் போன்ல கடன் குடுக்குற பொம்பள வருவாளா?"

கருத்தக்கண்ணன் நகர்ந்து உட்கார்ந்தார். "நீ யாருய்யா? போலீசா?"

"கோவில்பிள்ள."

"வேதக் கோவிலா?"

"ஆமா."

"வேதக் கோவில்ல கடன் வேற குடுக்குறாகளா?"

லூர்து நடந்ததையெல்லாம் சொன்னான். ஆதார் வரிசை வந்த இடத்தில் கருத்தக்கண்ணன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மகள் வாங்கிக் கொடுத்த போன், வருசமாகிறது, தனக்கு ஒரு விளம்பரமும் வந்ததில்லை என்றார். லூர்து அதை நம்பவில்லை. கொஞ்ச நேரம் நான் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். அந்த மனுசன் என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். லூர்து போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

போன் அடித்தது. பதறி எதையோ அமுக்கினான். உள்ளேயிருந்து ஒரு பொம்பளை கத்தினாள்.

"எங்கன இருக்கீக? சோறு ஆறிப் போச்சு!"

"விளம்பரம்!" என்றான் லூர்து.

"எலேய், யாருடா விளம்பரம்? எம்புருசன் போனு ஒங்கிட்ட எப்பிடி வந்துச்சு?"

கருத்தக்கண்ணன் போனைப் பிடுங்கி, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி முடித்தார். "இந்தப் போன்ல வர்ற ஒரே பொம்பள இவதான்யா. வேற யாரும் இல்ல" என்றார். அவர் இறங்கும் வரைக்கும் வேறு யாரும் வரவும் இல்லை.

அடுத்த வாரம் தேனிக்குத் திரும்பப் போய் அதே போனை வாங்கினான். பெரிய விலைதான். எட்வின் அனுப்பியதைவிட மூன்று பங்கு. மகாலட்சுமி பெட்டியைப் பிரித்தது. "பழைய போன்ல இருக்குற எல்லாத்தையும் அப்பிடியே இதுக்கு மாத்திரட்டுமா அண்ணே? ஒரு நிமிசம்தான்" என்றது.

"அந்தப் பொம்பளையையும் சேத்தா?" என்று நான் கத்தினேன்.

பிள்ளை கையை எடுத்துவிட்டது. ஊருக்கு வந்து கிளாரா டீச்சர் உட்கார்ந்து தொடங்கியது. போன் ஒவ்வொன்றாகக் கேட்டது. நீ இருக்கும் இடத்தைப் பார்க்கட்டுமா, உன் பேச்சைக் கேட்கட்டுமா, உனக்குப் பிடித்ததை அனுப்பட்டுமா. எல்லாவற்றுக்கும் டீச்சர் வேண்டாம் என்று அமுக்கியது. விலை கூடின போனே இத்தனை கேள்வி கேட்கிறதே என்று நான் கேட்டேன். இது கேட்டுவிட்டுச் செய்கிறது பெரியம்மா, அந்தப் போன் கேட்காமலே செய்தது என்றது டீச்சர். மணிச் சத்தம் இரண்டும், வாட்ஸப்பும் மட்டும் ஏற்றியது.

கொடியேற்றத்தன்று விடியற்காலம் ஊரே விழித்துக் கிடந்தது. பக்திக்கு இல்லை, அந்தப் பொம்பளை வருவாளா என்று கேட்க. சகாய பிரவீன் மைக் ரூம் வாசலிலேயே நின்றான். மணி அடித்து ஓய்ந்தது. செபம் முடிந்தது. லூர்து வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்காமல் பீடத்தைத் துடைக்கப் போனான். குழாயில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கொடி ஏறியது. பொம்பளை வரவில்லை.

டீக்கடையில் என்ன பேசினார்கள் தெரியுமா? "பேசுறதுக்குக் கம்பெனிக்காரன் குடுத்தான். பேசாம இருக்கறதுக்குச் சாமியாரு எம்புட்டுக் குடுத்தாகளோ" என்று பேசினார்கள். இந்த ஊர் நாக்கை அறுத்து உப்பில் போட வேண்டும்.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் வாய்க்கால் தெரு இன்னாசியம்மாள் செத்துப்போனாள். என் வயசுக்காரி. லூர்து போய்ப் பார்த்தான். வந்து துக்க மணியைப் போட்டான். பெயர், வீடு, அடக்க நேரம் எல்லாம் சொன்னான்.

நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். எப்போதும் துக்க மணி கேட்டால் கதவுகள் திறக்கும், பெண்கள் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அன்றைக்குக் கதவுகள் திறந்தன. ஆனால் யாரும் இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"மதினி, நெசந்தானா? இல்ல போன்ல வந்ததா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பிப் பார்த்தால் மைக் ரூமிலிருந்து லூர்து வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறான். கேட்டுவிட்டான்.

அவன் கோவிலுக்குத் திரும்பிப் போகவில்லை. முதல் வீட்டு வாசலில் போய் நின்றான். "இன்னாசியம்மா போயிட்டாக. நாலு மணிக்கு அடக்கம்." அடுத்த வீடு. "இன்னாசியம்மா போயிட்டாக." சத்தம் போடாமல், திட்டாமல், வீடு வீடாக. அவன் பின்னாலேயே நானும் போனேன். நான் திட்டிக்கொண்டே போனேன்.

கீழத்தெருவில் ஜெபஷீலா வாசலில் நின்றாள். அவன் வாய் திறக்கும் முன்னே, "தெரியும் மாமா, மைக்ல கேட்டேன்" என்றாள். சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பித்தான் நின்றாள். "எல்லாரும் போகட்டும்னு பாத்தேன்" என்றாள். அவளைத் திட்ட எடுத்த வார்த்தையை நான் விழுங்கினேன். அவள் எங்களோடு நடந்தாள். பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.

அடக்கத்துக்கு ஊர் வந்தது. சகாய பிரவீனும் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான். சாமியார் சாவியைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாவி லூர்து இடுப்பிலேயே கிடக்கிறது. மணி அடிக்கிற பெட்டி பற்றிப் பேரவையில் இந்த மாதம் பேச்சு இல்லை. அடுத்த மாதம் வரும்.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். லூர்து போனை நீட்டினான். கண்ணாடி முழுக்க எழுத்து.

"என்னப்பா கேக்குது?"

"புதுசு வந்திருக்காம் மதினி. உள்ள ஏத்தட்டுமாங்குது."

"புதுசுன்னா என்ன?"

"அது சொல்ல மாட்டேங்குது. இன்னும் நல்லா இருக்குமாம்."

"வேண்டாம்னு அமுக்கு."

"வேண்டாம்னு ஒண்ணு இல்ல. இப்பவே, பொறவு. ரெண்டுதான் இருக்கு."

கிளாரா டீச்சர், பயப்படாமல் ஏற்றலாம், நல்லதுதான் என்கிறது. இருக்கலாம். லூர்து தினமும் விடியற்காலம் மைக் ரூமைத் திறந்ததும் முதல் வேலையாகப் 'பொறவு' என்பதை அமுக்கிவிட்டுத்தான் ஒயரைக் குத்துகிறான்.